'ஃபர்னிச்சர்ஸ்' ஏன் தவறாகிறது? ஆங்கிலப் பெயர்ச்சொல் வகைகள் குறித்து ஒரு விளக்கம்

கேள்வி: ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஆங்கில 'நவுன்' வகைகள் ஐந்தையும் கேட்டவுடன் ஒப்பிக்கிறாள். ஆனால் சொந்தமாக எழுதும்போது 'ஃபர்னிச்சர்ஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று எழுதி மதிப்பெண்ணை இழக்கிறாள். 'கிளாஸ்' எந்த வகையைச் சேர்ந்தது என்று கேட்டால் திகைக்கிறாள். வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: சிறப்புப் பெயர், பொதுப் பெயர், கூட்டப் பெயர், மூலப்பொருளின் பெயர், பண்புப் பெயர் என்று பள்ளியில் கற்பிக்கும் ஐந்து வகைகளும் ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. அந்தச் சொல்லுக்குப் பன்மை உண்டா, அதற்கு முன் 'எ' அல்லது 'ஆன்' வருமா என்பதைத் தீர்மானிப்பது எண்ணக்கூடிய பெயர், எண்ண இயலாத பெயர் என்ற வேறொரு பாகுபாடு. இந்த இரண்டாம் பாகுபாடு மனத்தில் பதியாததுதான் உங்கள் மகளின் சிக்கலுக்குக் காரணம்.

தமிழில் தகவல்கள், அறிவுரைகள், வீட்டுப்பாடங்கள், கருவிகள் என்று நாம் இயல்பாகப் பன்மையில் பேசுகிறோம். அதே பழக்கத்தில் 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஹோம்வொர்க்', 'எக்விப்மென்ட்' ஆகியவற்றோடும் குழந்தை 'எஸ்' சேர்த்துவிடுகிறது. ஆங்கிலமோ இவற்றைத் தண்ணீரையும் மணலையும் போலப் பிரிக்காத ஒரே தொகையாகக் கருதுகிறது. 'ஃபர்னிச்சர்' என்பது நாற்காலி, மேசை, கட்டில் அனைத்துக்குமான தொகைச்சொல். நாற்காலியை 'டூ சேர்ஸ்' என எண்ணலாம், 'டூ ஃபர்னிச்சர்ஸ்' என்று எண்ண முடியாது. எண்ணியே ஆகவேண்டும் என்றால் 'டூ பீஸஸ் ஆஃப் ஃபர்னிச்சர்' என்று எழுத வேண்டும். 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்பதும் அப்படித்தான். 'மெனி', 'ஃப்யூ' இரண்டும் எண்ணக்கூடிய பெயருக்கு முன்னும், 'மச்', 'லிட்டில்' இரண்டும் எண்ண இயலாத பெயருக்கு முன்னும் வரும் என்பதைச் சேர்த்துக் கற்றால் ஒன்று மற்றொன்றைச் சரிபார்க்க உதவும்.

இதற்கு நேர்மாறான பிழையும் நம் பிள்ளைகளிடம் உண்டு. 'பத்து மரம்' என்பது தமிழில் பிழையன்று. ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும் இத்தகைய சொற்களை நன்னூல் பால்பகா அஃறிணைப் பெயர் என்றே குறிப்பிடுகிறது. ஆங்கிலத்தில் இந்தச் சலுகை மிகச் சில சொற்களுக்கு மட்டுமே உண்டு. 'டென் ட்ரீ' என்று எழுதினால் தவறு, 'டென் ட்ரீஸ்' என்றே எழுத வேண்டும்.

பண்புப் பெயர் எல்லாம் எண்ண இயலாதவை என்று சிலர் சுருக்கமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. 'ஹானஸ்டி' என்பதற்குப் பன்மை இல்லை என்பது உண்மை. ஆனால் கண்ணால் காண முடியாத 'ஐடியா'வும் 'ப்ராப்ளம்' என்பதும் தாராளமாகப் பன்மை ஏற்கின்றன.

இனி 'கிளாஸ்'. தனிச்சொல்லாகக் கொடுத்து வகையைக் கேட்டால் எவரும் திகைக்கவே செய்வர், ஏனெனில் வகை என்பது சொல்லுக்கு நிரந்தரமாக ஒட்டப்பட்ட முத்திரையன்று. வாக்கியத்தில் அது ஏற்கும் பொருளைப் பொறுத்தது. 'தி விண்டோ இஸ் மேட் ஆஃப் கிளாஸ்' என்னும்போது அது கண்ணாடி என்ற மூலப்பொருள், எண்ண இயலாதது. 'எ கிளாஸ் ஃபெல் டவுன்' என்னும்போது அது குவளை, எண்ணக்கூடிய பொதுப் பெயர். மூக்குக் கண்ணாடியைக் குறிக்கும் 'கிளாஸஸ்' எப்போதும் பன்மையிலேயே வரும். 'அயர்ன்' இரும்பாகவும் இஸ்திரிப் பெட்டியாகவும், 'பேப்பர்' காகிதமாகவும் செய்தித்தாளாகவும் மாறுவது இவ்வாறே.

சில சொற்களை மட்டும் தனியே நினைவில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். 'நியூஸ்' பன்மைபோல் தோன்றினாலும் ஒருமை வினையை ஏற்கும். 'போலீஸ்' ஒருமைபோல் தோன்றினாலும் பன்மை வினையை ஏற்கும். 'டீம்' போன்ற கூட்டப் பெயர்களுக்குப் பிரிட்டிஷ் வழக்கில் இருவகை வினையும் வரும் என்றாலும், பள்ளித் தேர்வில் ஒருமையே பாதுகாப்பானது. சிறப்புப் பெயர்களில் பெரிய எழுத்தைத் தவிர வேறு சிரமம் அதிகம் இல்லை. தமிழ் எழுத்தில் பெரியது, சிறியது என்ற வேறுபாடு இல்லாததால், கிழமை, மாதம், மொழி ஆகியவற்றின் பெயர்களில் குழந்தைகள் அதை மறந்துவிடுகிறார்கள்.

வீட்டுப் பயிற்சிக்கு அவளுடைய பாடப்புத்தகத்திலிருந்தே ஒரு பத்தியை எடுத்து, பெயர்ச்சொற்களை அடிக்கோடிடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும், இங்கே இது எதைக் குறிக்கிறது, இதை எண்ண முடியுமா என்ற இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். ஐயம் எழும்போது ஆங்கிலம் கற்போருக்கான அகராதியைத் திறந்தால், எண்ணக்கூடிய பெயருக்கு 'சி' என்றும் எண்ண இயலாததற்கு 'யு' என்றும் பொருளுக்குப் பொருள் குறித்திருப்பார்கள். புதுச் சொல்லைக் குறிப்பேட்டில் எழுதும்போது 'அட்வைஸ்' என்று தனியாக எழுதாமல் 'சம் அட்வைஸ்' என்றும், 'ஐடியா' என்பதை 'ஆன் ஐடியா' என்றும் எழுதப் பழக்குங்கள்.