அல்பேனியா இத்தாலியைச் சார்ந்த நாடாக மாறியது எப்படி?

1926, 1927 ஆண்டுகளில் இவ்விரு நாடுகளும் செய்துகொண்ட இரு திரானா ஒப்பந்தங்களே இதற்குக் காரணம் என்பார்கள். ஆனால் அடித்தளம் 1925-இலேயே இடப்பட்டுவிட்டது என்பது என் கருத்து. அவ்வாண்டு நிறுவப்பட்ட அல்பேனிய தேசிய வங்கியின் தலைமையகம் ரோமில் இருந்தது. மூலதனத்தின் பெரும்பகுதியும் இத்தாலியருடையது. தன் நாணயத்தை வெளியிடும் உரிமையையே அயலாரிடம் விட்டுவிட்ட ஒரு நாடு, சாலைகளுக்கும் பாலங்களுக்கும் அவர்களிடமே கடன் வாங்கிய பின், எதை மறுத்துப் பேச முடியும்? முதல் ஒப்பந்தம் அல்பேனியாவின் அரசியல் நிலையைக் காப்பதாக உறுதியளித்தது. இரண்டாவது, இருபது ஆண்டுக்கால இராணுவக் கூட்டணி. 1931-இல் அல்பேனிய மன்னர் சோகு முதல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்ததையும், 1933-இல் இத்தாலியப் பள்ளிகளை மூடியதையும் துணிவான செயல்களாகவே மதிக்கிறேன். எனினும், 1934-இல் அல்பேனியாவின் துர்ரெஸ் துறைமுகத்தின் முன் இத்தாலியப் போர்க்கப்பல்கள் வந்து நின்றன. 1939 ஏப்ரல் 7 அன்று முசோலினியின் படைகள் அந்நாட்டிற்குள் இறங்கின.