மேலாளர் ‘லே-அப்’ என்று எழுதினால்

தம்பி, "இந்த டெண்டர் நமக்கு லே-அப்" என்று உங்கள் கல்முனைக் கந்தோர் மேலாளர் எழுதியதில் பயப்பட ஒன்றுமில்லை. அது கூடைப்பந்துப் பேச்சு. மட்டக்களப்பு மிக்கேல் கல்லூரிப் பையன்கள் பழகும்போது கவனியுங்கள்: பந்தைத் தட்டிக்கொண்டு ஓடி, இரண்டு எட்டில் எழும்பி, வளையத்துக்குக் கிட்டவே பலகையில் தட்டிப் போடுவார்கள். இரண்டு புள்ளி. அதாவது, லேசாக முடிகிற வேலை. ஆனால் கோட்டைவிட்டால் திட்டும் கூட!

கால்பந்தில் கோல் வாசலில் தட்டிவிடும் ‘டெப்-இன்’னும் இதே ரகம். கோல்ஃபில் மட்டும் லே-அப் வேறு: தண்ணீரோ மணற்குழியோ எதிரே இருந்தால், அதைத் தாண்ட முயலாமல் பந்தை முன்னாலேயே நிறுத்துவது. மேலாளர் கோல்ஃப் ஆடுகிறவர் இல்லையே?

சரி, பதிலில் "விலையைச் சரிபார்த்து நாளைக்கு அனுப்புகிறேன்" என்று மட்டும் போடுங்கள்.