ரெண்டு மணிக்கு மூடுற சந்தை

அன்புள்ள சாருக்கு,

நான் மியூனிக்ல நர்ஸ், சொந்த ஊரு கருங்கல் பக்கம். அப்பா அம்மாவ இந்தக் கிறிஸ்துமஸுக்கு இங்க வரவழைக்கிறேன், 24 காலையில வந்து எறங்குறாங்க. அன்னிக்கு எனக்கு நைட் டூட்டி, கூட வேல பாக்குறவங்க ஒருத்தங்க மாத்திக்கிறேன்னு சொல்லிட்டாங்க. சாயங்காலமே கிறிஸ்துமஸ் மார்க்கெட் கூட்டிட்டுப் போலாம்னு பாத்தா, ஊரு நடுச் சதுக்கமான மரியன்பிளாட்ஸ்ல நடக்குற மார்க்கெட்ட அன்னிக்கு மதியம் 2 மணிக்கே மூடிருவாங்களாம். பண்டிகைக்கு முந்தின நாளு கடைய அடைக்கிற ஊரு எங்கயாவது உண்டா சார்? நம்ம மார்த்தாண்டத்துல 24 ராத்திரி எப்படி ஜேஜேன்னு இருக்கும்! அப்பா திங்கள்சந்தையில வாழக்கொல யாவாரம் பண்ணினவரு, "சந்தைய பாக்கவா பிளேன் ஏறி வரணும்"னு இப்பவே கேக்குறாரு. எந்த மார்க்கெட் போலாம்? குளூவைன் அவங்களுக்குக் குடுக்கலாமா? இதெல்லாம் வெறும் பிசினஸ் ஆயிப்போச்சுன்னு சிலர் சொல்றதப் பத்தி உங்க கருத்து என்ன?

ஒரு வாசகி, மியூனிக்

மக்ளே,

பிசினஸ் ஆயிப்போச்சான்னு கேட்டதுக்கு எங்கிட்ட கருத்து ஒண்ணும் இல்ல. சந்தையில பிசினஸ் நடக்காம பின்ன என்ன, ஜெபக்கூட்டமா நடக்கும்? அத விடு.

உன் லெட்டர்ல எனக்கு முள்ளாக் குத்தினது வேற எடம். அத வாசிச்ச வாரத்துலதான் வீட்டுக்காரிக்கு சேல எடுக்கலாம்னு இங்க ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன், கவுண்டர்ல நின்ன புள்ள ஒரு கால்ல பாரத்தக் குடுத்து மத்தக் கால மெதுவா செருப்பவுட்டுத் தூக்கி ஆத்திக்கிட்டே சிரிச்ச மொகத்தோட சேல விரிச்சுப் போட்டா, அதையே நெனச்சுக்கிட்டு இருந்த நேரத்துல உன் லெட்டர், "மார்த்தாண்டத்துல ஜேஜேன்னு இருக்கும்"னு. யாருக்கு ஜேஜே? வாங்கப் போற நமக்கு. ஷட்டருக்கு அந்தப் பக்கம் நிக்கிறவ யாரு வீட்டுப் புள்ளைன்னு ஒரு தடவையாவது நெனச்சியா?

எங்க சித்தி மவ ஒருத்தி, எனக்குத் தங்கச்சி முறை, கல்யாணத்துக்கு முந்தி பார்டர் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில நின்னா. நின்னான்னு சொல்றது சும்மா இல்ல, காலைல ஒம்பதரைக்குப் போனா ராத்திரி வரைக்கும் நிக்கிறதுதான் வேலையே, ஒக்கார ஒரு ஸ்டூல் கெடையாது, ஆளு இல்லாத நேரத்துல செவுத்துல சாஞ்சாக்கூட கேமராவுல பாத்துட்டு மேல இருந்து போன் வரும். தண்ணி குடிக்க மாட்டா, ஏன்னா பாத்ரூம் போனா சூப்பர்வைசர் நேரம் எழுதுவான். டிசம்பர் மாசம் லீவே கெடையாது. 24 ராத்திரி பன்னெண்டு மணிக்குப் பக்கத்துல ஷட்டர எறக்கினா கடைசி பஸ் எப்பவோ போயிருக்கும், சித்தப்பா யாராவது ஸ்கூட்டர்காரனக் கெஞ்சி அனுப்புவாரு. பாதிராப் பூசைக்கு யூனிபார்ம் சேலையோடயே வருவா, தரையில ஒக்காந்த ஒடனே தூங்கிருவா. சாமியார் பிரசங்கத்துல தூங்குறான்னு சித்தி தொடையில கிள்ளுவா பாத்துக்க, பெத்த தாயே கிள்ளுவா. போனஸ்னு ஒரு டேமேஜ் சேல குடுத்தானுவ. அதையும் அவ கட்டிக்கிட்டு சந்தோசமாத்தான் இருந்தா, அது வேற விசயம்.

இப்ப நீ அதிசயப்பட்ட அந்த ரெண்டு மணிக்கு வாறேன். ஜெர்மனியில கடையடைப்புக்குன்னு தனிச் சட்டமே உண்டு, 1956 நவம்பர்ல கொண்டுவந்தது. அதே நவம்பர்லதான் நம்ம குமரி திருவிதாங்கூர விட்டு இந்தப் பக்கம் சேந்தது, நமக்கு பாஷைய வச்சு எல்லை போட்டுக்கிட்டு இருந்த மாசத்துல அவன் கடைக்காரனோட நேரத்துக்கு எல்லை போட்டுருக்கான். அந்த வழியிலதான் 24-ம் தேதி மதியம் 2 மணிக்கு மேல பெரும்பாலான கடை தொறக்கக்கூடாதுன்னு ஆச்சு. மரியன்பிளாட்ஸ்ல ஸ்டால் போட்டவனும் அதே நேரத்துக்கு மூட்டையக் கட்டிருவான். நவம்பர் கடைசியில இருந்து குளிர்ல வெறச்சுப்போயி நின்னவன், பண்டிகை அன்னிக்காவது அவன் வீட்டு மேசையில ஒக்காரட்டும்னுதான்.

ஒடனே வெள்ளக்காரன் புண்ணியவான்னு நான் சொல்லுகேன்னு நெனச்சுக்காத. அங்கயும் சம்பளத்துக்கு நிக்கிற புள்ளைங்கதான், அங்கயும் முதலாளிமாரு இன்னும் ரெண்டு மணிநேரம் தொறந்தா என்னன்னு கேட்டுக்கிட்டேதான் இருப்பான். ஆனா கேட்டா கெடைக்காதுங்குற நெலைமை அங்க இருக்கு.

நம்ம பக்கத்துலயும் இது சும்மா வரல. கோழிக்கோட்டு மிட்டாய்த்தெருவுல விஜின்னு ஒரு தையல்காரி, கடையில நிக்கிற பொண்ணுங்கள சேத்துக்கிட்டு பெண்கூட்டுன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, மொத சண்டையே கக்கூஸுக்குத்தான், பொறவு ஒக்காருறதுக்கு. யோசிச்சுப் பாரு, படிப்பறிவுல ஒசந்த கேரளத்துல ஒக்காருறதுக்குப் போராட்டம். 2018-ல கேரளத்துல சட்டத்தத் திருத்தி ஒக்காருற உரிமை குடுத்தாங்க. அந்தச் சட்டம் களியக்காவிளை செக்போஸ்டத் தாண்டி இங்க வர 2021 ஆச்சு. பாறசாலையில ஒக்காரலாம், நாலு மைலு தள்ளி இங்கன நிக்கணும், மூணு வருசம் அப்படித்தான் இருந்துச்சு. வாழக்கொலையும் ஆத்துமணலும் கோழிக்கழிவும் ராத்திரியோட ராத்திரியா தாண்டுற செக்போஸ்ட், ஒரு ஸ்டூல் தாண்ட மூணு வருசம். இப்பவும் சட்டம் பேப்பர்ல இருக்கு, நான் பாத்த அந்தக் கடையில ஸ்டூல் இருந்துச்சு, அதுமேல சேல அடுக்கி வச்சிருந்தான்.

நீ ஒரு நர்ஸு மக்ளே. எனக்குக் கோவம் வந்ததே அதனாலதான். வேற ஒருத்தி எழுதியிருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன். பண்டிகை ராத்திரி டூட்டின்னா என்னன்னு உனக்குத் தெரியும், கால் வீக்கம்னா என்னன்னு தெரியும், அப்பாம்மா வாறாங்கன்னு ஒருத்தங்க கையில கெஞ்சி டூட்டி மாத்தியும் இருக்க, அவங்களும் அத தந்திருக்காங்க. அதே பேப்பர்ல அடுத்த வரியில கடைக்காரன் ஏன் வீட்டுக்குப் போறான்னு கேக்குறியே! ஆஸ்பத்திரிய மூட முடியாது, அதுக்கு நீ நிக்கிற. பொம்மக்கடைய மூடலாம்லா?

சரி, ரொம்பத் திட்டிட்டேன், அப்பா கதைக்கு வருவோம். அவரு கேட்டது ஞாயமான கேள்விதான். டிக்கெட்ட மாத்த முடிஞ்சா 22-ந் தேதி எறங்கச் சொல்லு, கிறிஸ்துமஸ் மார்க்கெட்டும் பாத்த மாதிரி இருக்கும், குடில் பொம்மைக்குன்னே கிரிப்பர்ல்மார்க்ட்னு ஒரு பகுதி உண்டு, அம்மாவ அங்க விட்டா திரும்பக் கூட்டிட்டு வர நீ கஷ்டப்படணும். மாத்த முடியலன்னா அழாத. 26 தாண்டி கடை தொறந்த பொறவு அப்பாவ விக்டுவாலியன்மார்க்ட் கூட்டிட்டுப் போ. மரியன்பிளாட்ஸே பழைய தானியச் சந்தைதான், ஷ்ரானன்பிளாட்ஸ்னுதான் பேரு இருந்துச்சு, 1854-லதான் மாதா பேர வச்சான். காய்கறி, முட்ட, எறச்சி யாவாரிமாருக்கு எடம் பத்தலன்னு 1807-ல ஒரு கூப்பிடு தூரத்துல ஒதுக்கிக் குடுத்த எடந்தான் விக்டுவாலியன்மார்க்ட், வருசம் பூரா நடக்குது. அப்பாவுக்கு பாஷை வேண்டாம், தராச வச்சிருக்குற தோரணையப் பாத்தே எவன் பழைய யாவாரின்னு சொல்லிருவாரு. பேசாம பின்னாடி நில்லு, போட்டோ எடுத்து உயிர வாங்காத.

குடிலு ஆசை இருந்தா பவேரியன் நேஷனல் மியூசியம் போங்க, ஷ்மெடரர்னு ஒரு பேங்க்காரரு சேத்துக்குடுத்த குடிலுங்க அங்க இருக்கு, நம்மூரு குடில் போட்டிக்காரனுவ பாத்தா போட்டியையே விட்டுருவானுவ. தொறக்குற நேரத்த நீயே பாத்துக்க.

குளூவைன் கேட்டல்லா, அது மசாலா போட்டு சூடு பண்ணின ஒயின்தான், அப்பாவுக்குக் குடு, அம்மா கேட்டா கிண்டர்புன்ஷ் வாங்கிக்குடு, அதுல போதை கெடையாது. கப்புக்கு டெபாசிட் கேப்பான், அப்பா சண்டைக்குப் போயிராம முன்கூட்டியே சொல்லிரு, நம்ம பெட்டிக்கடை சோடாபாட்டில் கணக்குதான், திருப்பிக் குடுத்தா காசு வரும்.

அப்புறம் 24 மதியத்துக்கு முந்தியே பால், முட்ட, அரிசி எல்லாம் வாங்கி வச்சிரு, 25-ம் 26-ம் அங்க லீவு, ஒரு தீப்பெட்டி வாங்கணும்னாலும் அலையணும். அம்மாட்ட முந்திரிக்கொத்து நெறையக் கொண்டுவரச் சொல்லு, ஒனக்கு டூட்டி மாத்திக் குடுத்த அந்தப் புண்ணியவதிக்கும் ஒரு டப்பா. பீஃப் ஊறுகா மட்டும் வேண்டாம்னு கண்டிப்பாச் சொல்லு, எறச்சி கொண்டுபோகக் கூடாது, ஏர்போர்ட்லயே புடுங்கிக் குப்பையில போட்டுருவான், அம்ம அங்கனயே நின்னு அழுவா.