கதை நன்றாக இருக்கிறது, கண்தான் வலிக்கிறது

கே: 9,000 சொல்லில் ஒரு குறுநாவல். என் வலைப்பதிவில் ஒரே பதிவாகப் போடலாமா?

போடலாம், படிப்பார்களா என்பது வேறு விஷயம். 1,500, 2,000 சொல்லுக்கு ஓர் அத்தியாயமாகப் பிரியுங்கள், காட்சி முடிகிற இடம் பார்த்து. ஒவ்வொன்றின் அடியிலும் அடுத்த அத்தியாயத்துக்குச் சுட்டி வையுங்கள். அதை மறந்துவிட்டு மூன்றாவதை ஏன் யாரும் படிக்கவில்லை என்று எனக்கு எழுதாதீர்கள்.

கே: வேர்டில் இருந்து ஒட்டினால் ஒரு பத்தி பெரிய எழுத்தில், அடுத்தது சிறிய எழுத்தில் வருகிறது.

போன தடவையும் சொன்னேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தி ஒட்டுங்கள், வேர்டின் எழுத்தளவு கூடவே வராது.

கே: பாத்திரம் மனதில் நினைப்பதைச் சாய்வெழுத்தில் தரலாமா?

பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வெழுத்தைத் தனியாக வரைந்திருக்க மாட்டார்கள், உலாவி நிமிர்ந்த எழுத்தையே பிடித்துச் சாய்க்கிறது. ஒரு வரி என்றால் பொறுக்கலாம். நீங்கள் அனுப்பிய கதையில் நாயகி இரண்டு பக்கம் சாய்ந்தபடியே நினைத்துக்கொண்டிருக்கிறாள். 'என்று நினைத்தாள்' போதும்.

கே: பத்தியின் இரண்டு ஓரமும் புத்தகம் போல நேராக வர ஜஸ்டிஃபை செய்தேன். போனில் ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறது. ஸ்பேஸ் தட்டிச் சரிசெய்தும் நிற்கவில்லை.

எத்தனை தடவை சொல்வது! புத்தகத்தில் வரிக்கு ஏழெட்டுச் சொல் பிடிக்கும், மிச்சம் விழும் இடத்தை அத்தனைக்கும் பங்கு போட்டுவிடலாம். அதுவும் போதாவிட்டால் சொல்லை நடுவில் உடைத்துக் கீழே தள்ளுவோம். போனில் வரிக்கு மூன்று, நான்கு சொல்தான். 'கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒன்று வந்தால் அதுவே ஒரு வரி, அது கீழே இறங்கியதும் மேலே மிஞ்சிய இரண்டு சொல்லும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு ஓரத்தில் நிற்கும். பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் பக்கம் வடிவமைத்த காலத்தில் ஒரு பத்திரிகையின் தீபாவளி மலருக்காக இரண்டு ராத்திரி உட்கார்ந்து, ஒல்லியான பத்திகளில் இந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு எரிச்சல். அந்தப் பக்கம் அச்சானபின் அசையாது. உங்கள் வரியோ ஒவ்வொருவர் போனிலும் ஒவ்வோர் இடத்தில் உடையும், நீங்கள் தட்டும் ஸ்பேஸ் எதற்கு ஆகும்? இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும். அப்புறம், கணினியில் மட்டும் பார்த்துவிட்டு வெளியிடாதீர்கள், போனில் ஒரு தடவை பாருங்கள்.

கே: எந்த எழுத்துரு, என்ன அளவு?

நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது முக்தா மலர். 18 பிக்சலுக்குக் கீழே போகாதீர்கள். வரி உயரம் 1.7 வாக்கில் இருக்கட்டும். ஆங்கிலத்துக்கு வைக்கும் 1.4-ஐ அப்படியே விட்டால் மேல் வரி 'கூ'வின் வால் கீழ் வரி 'கீ'யின் சுழியில் போய் இடிக்கும்.

கே: பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்த கதைகள் இருக்கின்றன.

என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற மென்பொருளில் யூனிகோடாக மாற்றுங்கள். மாற்றியதோடு விடாமல் மெய்ப்புப் பாருங்கள். அந்தக் காலத்தில் 'அவர்' என்று அடிக்கும்போது ரகரத்துக்குப் பதில் துணைக்காலைப் போட்டு அதன்மேல் புள்ளி வைத்தவர்கள் ஏராளம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் சிக்காது. 'ஔவை'யில் ஒகரமும் ளகரமும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கே: காட்சி மாறுவதை எப்படிக் காட்டுவது?

நடுவில் மூன்று நட்சத்திரம். பூ, பட்டாம்பூச்சி எல்லாம் வேண்டாம்.

கே: என் கதையில் சில வரிகள் முற்றுப்புள்ளியில் தொடங்குகின்றன. போன் கோளாறா?

போன் மேல் பழி போடாதீர்கள். புள்ளிக்கு முன்னால் இடம் விட்டிருக்கிறீர்கள், சொல் மேல் வரியில் நின்றுகொள்ள, புள்ளி மட்டும் கீழே விழுகிறது. ஒட்டி வையுங்கள். பெருமூச்சுக்கெல்லாம் ஒன்பது புள்ளி வைத்திருக்கிறீர்களே, அங்கே மூன்று போதும். போனில் ஒரு தடவை பார்த்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.