எல்லை தாண்டிய படை

கேள்வி: 1970-இல் அமெரிக்கா கம்போடியாவுக்குள் படை அனுப்பியது ஏன்? (பாளையங்கோட்டை வாசகர் ஒருவர்)

பதில்: தென் வியட்நாமில் அமெரிக்காவை எதிர்த்துப் போரிட்ட வட வியட்நாம் படையினரும் வியட்காங் என்ற கம்யூனிஸ்ட் கெரில்லாக்களும், எல்லைக்கு அப்பால் கம்போடியக் காடுகளில் அரிசியும் ஆயுதமும் சேர்த்துவைத்து, தாக்கிவிட்டு அங்கே ஒதுங்கிக்கொண்டார்கள், நடுநிலை பேசிய கம்போடிய ஆட்சித் தலைவர் சிகானூக் அதைக் கண்டும் காணாதவர்போல் இருந்தார். நம் பக்கத்துக் கதையோடு ஒப்பிட்டால், பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபின் கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமைக்குள் ஒதுங்கியபோது, தொண்டைமான் கும்பினியின் நண்பராக இருந்து அவரைப் பிடித்துக் கொடுத்ததால், எல்லைச் சிக்கலே எழாமல் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கதை முடிந்தது. சிகானூக் தொண்டைமான் அல்லர்.

1970 மார்ச்சில் சிகானூக்கை நீக்கிவிட்டு, அமெரிக்கச் சார்புள்ள அவருடைய பிரதமர் லோன் நோல் ஆட்சியைப் பிடித்தார். ஏப்ரல் 30 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி, இது படையெடுப்பு அன்று என்று சொல்லிக்கொண்டே படை நடவடிக்கையை அறிவித்தார். (1969 மார்ச்சிலிருந்தே அங்கே இரகசியமாகக் குண்டு பொழிந்தவர் அவர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.) எதிர்த்து மாணவர்கள் கிளர்ந்தபோது, மே 4 அன்று அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 4 மாணவர்கள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தனர். ஜூன் 30-க்குள் அமெரிக்கத் தரைப்படை வெளியேறியது. நெல்லும் துப்பாக்கியும் ஏராளமாகச் சிக்கின, தேடிப்போன கம்யூனிஸ்ட் படைத் தலைமையகம் மட்டும் சிக்கவில்லை.