ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயில் ஒரு பகல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்துக் கால்வாயில் நாரோபோட்டில் (ஒடுக்கமான நீளப் படகில்) போனது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். மகளின் பட்டமளிப்பு விழாவுக்காக ஜூலையில் ஆக்ஸ்ஃபோர்டு போகிறோம். அப்பாவும் வருகிறார், 74 வயது. மணிக்கு 4 மைல்தான் வேகம் என்கிறார்கள். அதற்குக் கரையிலேயே நடந்து போய்விடலாமே? ஒரு நாளை அதற்கு ஒதுக்கலாமா?

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

தயங்காமல் ஒதுக்குங்கள். 4 மைல் என்பதே உச்ச வரம்புதான். கரையில் கட்டியிருக்கும் படகுகளைத் தாண்டும்போது இன்னும் குறைக்க வேண்டும். விரைந்து போனால் எழும் அலை மண்கரையை அரித்துவிடும், கட்டிய படகுகளின் முளைகளையும் பிடுங்கிவிடும்.

அப்பா வருவதால், ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயில் ஃபென்னி காம்ப்டன் என்ற ஊரிலிருந்து வடக்கே போகச் சொல்வேன். கிளேடனுக்கும் மார்ஸ்டன் டோல்ஸுக்கும் நடுவே 11 மைலுக்கு ஒரு லாக் கூடக் கிடையாது; லாக் என்பது நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகை மேலும் கீழும் கொண்டுபோகும், கதவு போட்ட தொட்டி. ஏறி இறங்கிக் கதவு தள்ளும் வேலை இல்லை. நேர்கோட்டில் அளந்தால் இந்த இரண்டு ஊருக்கும் அதில் பாதி தூரம்கூட வராது. இந்தக் கால்வாய் வேலை 1769-இல் தொடங்கியது. வழி வகுத்த ஜேம்ஸ் பிரிண்ட்லி, முடிந்தவரை மேட்டை வெட்டாமல், பள்ளத்தைத் தூர்க்காமல், நிலத்தின் ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போனார். வடக்குப் பகுதியை 1830-களில் நேராக்கிவிட்டார்கள். தெற்கில் வளைவுகள் தப்பித்தன. வார்ம்லெய்டன் ஊரைக் கால்வாய் மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு போகும் அழகுக்காகவே நான் மறுபடியும் போவேன்.

கரையில் நடக்கலாமே என்கிறீர்கள். சரிதான், ஆனால் அந்தப் பாதையே படகை இழுத்த குதிரைகளுக்காகப் போட்டது. பழைய பாலங்களுக்கு அடியில் போகும்போது மூலைகளைக் கவனியுங்கள். இழுகயிறு உரசி உரசி விழுந்த பள்ளங்கள் பலவற்றில் இன்றும் இருக்கின்றன, விரல் பதியும் ஆழத்துக்கு. நிலக்கரி ஏற்றிய அந்தப் படகுகளுக்கு அகலம் 7 அடி. பின்னால் 10 அடி நீளத்துக்கு ஓர் அறை, அதற்குள் அடுப்பு, கட்டில், பிள்ளைகள் என்று மொத்தக் குடும்பமும். உங்கள் வாடகைப் படகும் அதே அகலம்தான். உள்ளே நின்று இரண்டு கையையும் விரித்துப் பாருங்கள், அவர்கள் வாழ்ந்த இடம் எவ்வளவு என்று தெரியும்.

அப்பாவை வெறுமனே உட்கார வைக்காதீர்கள். சுக்கானைக் கொடுங்கள், உரிமம் எதுவும் தேவையில்லை. பிடியை இடப்பக்கம் தள்ளினால் முகப்பு வலப்பக்கம் திரும்பும், அதுவும் கொஞ்சம் தாமதமாக. கிளம்பும் முன் படகுக்காரர்கள் இதைச் சொல்லித் தருவார்கள். அப்போது அவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.