580 டிகிரியில் நின்ற தெர்மோகப்பிள்: வெசலை மறுபடி பர்னஸில் ஏற்ற வேண்டுமா?

கேள்வி: துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் ஷாப் நடத்துகிறோம். எஸ்.ஏ. 516 கிரேடு 70 என்ற கார்பன் ஸ்டீல் பிளேட்டில் 42 மி.மீ. தடிமன் வெசல் (அழுத்தக் கலன்). வெல்டில் தங்கிய இறுக்கத்தைச் சூடேற்றித் தளர்த்தும் ஸ்ட்ரெஸ் ரிலீவிங்கை வெளியே கொடுத்தோம். வெப்பம் அளக்க வைத்த ஆறு தெர்மோகப்பிளில் ஐந்து 605 முதல் 615 டிகிரி காட்டின. மேன்ஹோல் பக்கம் இருந்தது மட்டும் 580-ஐத் தாண்டவில்லை. ஹோல்டிங், அதாவது உச்ச வெப்பத்தில் நிறுத்திவைத்த நேரம், 1 மணி 45 நிமிடம். "குறைந்த வெப்பத்துக்கும் கோடில் (விதித்தொகுப்பில்) அனுமதி உண்டு" என்கிறார் கான்ட்ராக்டர். ஏற்கலாமா?

பதில்: ஒப்புக்கொள்ளாதீர்கள். வெசலை மறுபடி பர்னஸில் ஏற்றத்தான் வேண்டும். ஏ.எஸ்.எம்.இ. செக்‌ஷன் 8, டிவிஷன் 1 என்ற அழுத்தக் கலன் கோடில் உங்கள் பிளேட்டுக்குக் குறைந்தபட்ச ஹோல்டிங் வெப்பம் 595 டிகிரி செல்சியஸ். நேரம் 25 மி.மீ.க்கு ஒரு மணி, 42 மி.மீ.க்கு சுமார் 1 மணி 41 நிமிடம். வெசலின் மிகக் குளிர்ந்த இடமும் அந்த 595-ஐத் தொட்டிருக்க வேண்டும். சராசரி செல்லாது.

கான்ட்ராக்டர் சொல்லும் சலுகை உண்மையில் இருக்கிறது. ஆனால் அவர் பாதிதான் சொல்கிறார். விதித்த வெப்பத்தில் செய்வது நடைமுறையில் முடியாதபோதுதான் அது பொருந்தும். அதற்கு விலை, கூடுதல் நேரம். 28 டிகிரி குறைந்தால் 2 மணி, 56 குறைந்தால் 4 மணி, 83 குறைந்தால் 10 மணி, 111 குறைந்தால் 20 மணி. இவை 25 மி.மீ. வரைக்கான நேரங்கள், அதற்கு மேல் ஒவ்வொரு 25 மி.மீ.க்கும் 15 நிமிடம் கூடும். 580-க்கென்று அட்டவணையில் தனி வரி கிடையாது. ஆகவே 28 டிகிரி குறைவுக்கான வரியையே எடுங்கள்: உங்கள் தடிமனுக்கு சுமார் 2 மணி 10 நிமிடம். உங்களிடம் இருப்பது 1 மணி 45 நிமிடம். அந்தச் சலுகையின்படி பார்த்தாலும் தேறவில்லை.

அடுத்து, "83 டிகிரி வித்தியாசம் இருக்கலாம்" என்பார்கள். அது ஹோல்டிங்கில் மிகச் சூடான இடத்துக்கும் மிகக் குளிர்ந்த இடத்துக்கும் நடுவே அனுமதிக்கும் இடைவெளி. 595-லிருந்து கீழே இறங்க அனுமதி அல்ல. "அந்தத் தெர்மோகப்பிள் பழுது" என்றாலும் விடாதீர்கள். பழுது என்றால் மேன்ஹோல் பகுதிக்குச் சான்றே இல்லை என்றாகிறது.

"சார்ட்டை (வெப்பப் பதிவுத் தாளை) நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு இடைத்தரகர் வருவார். அவரை வாசலோடு அனுப்புங்கள். எல்லாக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி ஓடும் சார்ட்டை நம்பக் கூடாது. நிஜ பர்னஸில் கோடுகள் பிரிந்துதான் ஓடும். பர்னஸைப் பார்க்காமல் காகிதத்தை மட்டும் பார்த்து முத்திரை குத்தும் இன்ஸ்பெக்‌ஷன் இருக்கும்வரை இந்தப் போலிச் சார்ட் வியாபாரம் ஓயாது. தெர்மோகப்பிளைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டால் அது காட்டுவது பர்னஸ் காற்றின் வெப்பம். முனை பிளேட்டிலேயே வெல்டு ஆகியிருக்க வேண்டும்.

மறுசுற்றில் மேன்ஹோல் அருகே இரண்டு தெர்மோகப்பிள் வையுங்கள். அங்கே உலோகம் கனம் என்பதால் சூடு தாமதமாக ஏறும். கடைசித் தெர்மோகப்பிள் 595-ஐத் தாண்டிய நிமிடத்திலிருந்து நேரத்தை எண்ணுங்கள். உங்கள் தடிமனுக்கு, 425 டிகிரிக்கு மேல் ஏற்றம் மணிக்கு 132 டிகிரிக்குள், இறக்கம் 167-க்குள் இருக்கட்டும்.

பர்னஸில் ஏற்றும் முன் பிளேட் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். ஸ்ட்ரெஸ் ரிலீவிங் செய்த மாதிரித் துண்டுகளைச் சோதித்துத் தரச் சொல்லி வாங்கியிருந்தால், இரண்டு சுற்றின் மொத்த நேரமும் அதில் அடங்க வேண்டும். இம்பாக்ட் சோதனை (திடீர் அடியைத் தாங்குகிறதா என்ற சோதனை) கேட்கும் வெசல் என்றால், வெல்டிங் புரொசீஜர் தகுதிச் சோதனையில் கொடுத்த நேரம் இந்த மொத்தத்தில் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

லிஃப்டிங் லக், நேம்பிளேட் பிராக்கெட், எர்த்திங் கிளீட் என வெல்டு செய்ய வேண்டியவற்றையெல்லாம் முன்பே முடித்துவிடுங்கள். ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றும் சோதனை) இந்தச் சுற்றுக்குப் பிறகுதான்.